மதியத்தில் சரியாகிவிடும் கை

அக்கா,

கரண்டிப் பிடியில் சுற்றியிருந்த துணி இன்று கழுவும்போது கையோடு வந்துவிட்டது. உன் பச்சைச் சேலையின் அரக்குக் கரை. எண்ணெயும் குழம்பும் ஊறி ஊறி அது என்ன நிறம் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. எனக்குத் தெரியும். அந்தச் சேலையை நீ முதலில் எந்தக் கல்யாணத்துக்குக் கட்டினாய், அன்றைக்குப் பந்தியில் என்னைப் பார்த்து என்ன சொன்னாய் என்பது வரைக்கும் தெரியும். மறதி என்ற ஒன்றை ஆண்டவன் எனக்குக் கொடுக்கவில்லை.

பேத்தி பார்த்துவிட்டு, "ஆயா, அந்த அழுக்குத் துணிய தூக்கிப் போடு. கடையில ரப்பர் புடி வச்ச கரண்டி விக்குது, வாங்கியாறேன்" என்றாள். துணியை ஜன்னல் கம்பியில் காயப் போட்டுவிட்டு மதியம் ஆகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். மதியத்துக்கு மேல்தான் என் விரல்கள் பேனா பிடிக்க ஒத்துக்கொள்ளும். இதை உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள் எழுதுகிறேன். பிழை இருக்கும். அதற்கும் சேர்த்துச் சிரித்துக்கொள்.

நான் நெல்லித்தோப்பு வீட்டுக்கு வாழ வந்தபோது நீ மூத்த மருமகள். உன் வீட்டுக்காரர் பெரியவர், என் வீட்டுக்காரர் சின்னவர். நடுவில் அத்தை. வாசல் தெளிப்பதும் கோலம் போடுவதும் சின்ன மருமகள் வேலை என்று நான் வந்த மறுநாளே நீதான் தீர்ப்புச் சொன்னாய். நான் சலித்துக்கொள்ளவில்லை. என் கோலம் தெருவில் பேர் வாங்கிய கோலம். புள்ளி தப்பாது, இழை நடுங்காது.

இரண்டாவது பிள்ளை பெற்ற சில மாதத்தில் அது வந்தது. ஒருநாள் விடியலில் எழுந்தேன், இரண்டு கையும் மூடிக் கிடந்தன. யாரோ இரவெல்லாம் ஈரத்துணி சுற்றி இறுக்கி வைத்த மாதிரி. கோலமாவை எடுக்கிறேன், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று சேரவில்லை. மாவு கொத்துக் கொத்தாக விழுந்தது. வாசலில் கோழி கிளறிய மாதிரி கிடந்த அதை நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாய்.

"இன்னாடி இது, கோலமா? காக்கா எச்சமா?"

"கை மடங்கலக்கா. நோவுது."

"புள்ள பெத்தா எல்லாருக்கும் நோவுந்தான். நாங்க பெக்கலையா?"

சமையலிலும் அதே கதை. காலையில் கரண்டி கையில் நிற்காது, நழுவி விழும். மதியம் ஆனால் விரல்கள் மெல்லத் தளரும், பாத்திரம் கூடத் தேய்ப்பேன். அதுதான் எனக்கு வினையாகப் போனது. அத்தையிடம் நீ சொன்னது என் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னாய்: "பாத்தீங்களா அத்த, வேலை இருக்கற நேரத்துல மட்டும் கை வராது. மதியம் சோத்துத் தட்டு வந்தா கை தானா சரியாயிடுது. இவ நடிக்கிறா."

நடிக்கிறாள். அந்த வார்த்தையோடு எத்தனை காலம் குடும்பம் நடத்தினேன் தெரியுமா? என் வீட்டுக்காரரே ஒருமுறை கேட்டார், "நெஜமாலுமே நோவுதா?" என்று.

அப்போதுதான் ஒரு யோசனை செய்தேன். பிடி தடிமனாக இருந்தால் விரல் முழுதும் மடங்க வேண்டாம், பாதி மடங்கினாலே கரண்டி நிற்கும். பழைய வேட்டிக் கிழிசலை எடுத்துப் பிடியில் உருளையாகச் சுற்றினேன். நின்றது அக்கா. அன்றைக்குச் சாம்பாரை நானே கிண்டி இறக்கினேன். நீ அடுப்படிக்குள் வந்தாய். கரண்டியைப் பார்த்தாய்.

"இன்னாடி இது, கரண்டிக்குக் கோமணம் கட்டியிருக்க?"

அத்தை சிரித்தார். பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. நீ என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கி, துணியை அவிழ்த்து, எரிகிற அடுப்பில் போட்டாய். பருத்தித் துணி, நொடியில் பிடித்துக்கொண்டது. அந்த நாற்றம் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. யார் வீட்டிலாவது துணி தீய்ந்தால் முதலில் உன் முகம்தான் நினைவுக்கு வரும்.

அத்தை போனபின் வீட்டின் நடுவே சுவர் வைத்துப் பாகம் பிரித்தோம். நீ தெற்குப் பக்கம், நான் வடக்குப் பக்கம். நல்லது கெட்டதுக்கு மட்டும் பேச்சு. என் விரல்கள் ஒன்றொன்றாகச் சாய ஆரம்பித்தன. வாயு என்றார்கள், கீல்வாதம் என்றார்கள், ஆளுக்கொரு தைலம் சொன்னார்கள். என் மகளுக்கு வேலை கிடைத்து நாலு பேரோடு பழக ஆரம்பித்த பிறகு, அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, தூக்கமில்லாத முகம். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்த கூட்டம் வாசல் வரை நிற்கிறது, அவர் என் கையைப் பிடித்து ஒவ்வொரு மூட்டாக அமுக்கிப் பார்த்தார்.

"காலைல எழுந்ததும் வெறப்பா இருக்குமா?"

"இருக்கும்மா. மதியம் சரியாயிடும். ஆனா நான் நடிக்கலம்மா."

அவர் தலை நிமிர்ந்து பார்த்தார். "யாரு நடிக்கிறீங்கன்னு சொன்னது?"

"என் ஓரகத்தி."

"அவங்கள ஒருநாள் இங்க கூட்டியாங்க. மதியம் சரியாகறதுதாம்மா இந்த நோவுக்கு அடையாளமே. அதை வச்சுதான் நாங்களே கண்டுபுடிக்கிறோம்."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. என்னைக் குற்றவாளி ஆக்கின சாட்சியே எனக்குச் சாதகமாகத் திரும்பி நின்றது. கூட்டத்தைப் பார்த்து அழுகையை அடக்கினேன். பிறகு அவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் என்று காவலுக்கு ஆட்கள் உண்டாம். வெளியிலிருந்து கிருமி வந்தால் அடித்து விரட்டுவது அவற்றின் வேலை. எனக்கு அவை ஆள் அடையாளம் தெரியாமல் மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வை அந்நியன் என்று நினைத்து அடிக்கின்றனவாம். இரவில்தான் அந்தச் சண்டை உச்சமாம். அதனால்தான் விடியும்போது கை மூடிக்கொள்கிறது.

எனக்கு நம் தெருக்கோடி சொல்தாவின் ஞாபகம் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பி பென்ஷன் வாங்கிய கிழவர், சண்டை முடிந்து எத்தனையோ காலம் ஆகியும் இருட்டில் கம்போடு காவல் நிற்பாரே, அவர்தான். மில்லில் இரவு வேலை முடித்து வந்த சொந்த மகனையே திருடன் என்று மண்டையில் போட்டாரே. நீயும் நானும் ஒன்றாக ஓடிப் போய் விலக்கினோம். அன்றைக்கு உனக்கும் எனக்கும் பேச்சு இருந்தது. டாக்டரம்மாவிடம் சொன்னேன். "அதேதாம்மா. உங்க உடம்புல சொல்தாவுக்குக் கண்ணு தெரியல" என்றார்.

எலும்பைப் பற்றியும் சொன்னார். எலும்பு கல் மாதிரி சும்மா கிடப்பதில்லையாம். பழைய எலும்பைக் கரைக்க ஒரு வகை அணு, புதிதாகக் கட்ட ஒரு வகை அணு. நல்ல உடம்பில் இரண்டும் ஒத்துப் போகும். இந்தச் சண்டைக்கார அணுக்கள் கரைக்கிறவனைத் தூண்டிவிட்டு, கட்டுகிறவனை வேலை செய்ய விடாமல் செய்துவிடுகின்றனவாம். மூட்டோரத்து எலும்பு அரித்துப் போகிறது, மற்ற எலும்பும் மெலிந்து போகிறது. "எங்க ஊட்லயும் தூண்டி வுடறதுக்கு ஆள் இருந்தாங்கம்மா" என்றேன். மகள் என் காலை மிதித்தாள்.

வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடும் மாத்திரை கொடுத்தார். தினம் போட்டால் ஆபத்து, மறந்தும் போடாதே என்று மகளிடமும் சொன்னார், என்னிடமும் சொன்னார். செவ்வாய்க்கிழமை என்று வைத்துக்கொண்டேன். அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சாய்ந்த விரல் நிமிரவில்லை. ஆனால் புதிதாக ஒன்றும் சாயவில்லை.

அன்று வீடு திரும்பியதும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன். "மதியம் சரியாகறதுதான் நோவாம்! டாக்டரே சொல்லிட்டாங்க! நடிக்கல!" நீ மிக்சியைப் போட்டாய். வெறும் மிக்சி. உள்ளே ஒன்றும் இல்லாமல் ஓடினால் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

வருஷங்கள் போயின. வீட்டுக்கு வீடு செல்போன் வந்த சமயம். ஒருநாள் காலை உன் வாசலில் ஒரு கோலம் பார்த்தேன். பளபளவென்று, மஞ்சளும் சிவப்பும். கிட்டே போய்ப் பார்த்தால் பிளாஸ்டிக் ஸ்டிக்கர், தரையில் ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு நீ, "இப்ப இதான் பேஷன். யாரு தெனம் குனிஞ்சி நிமிர்ந்துக்கினு" என்றாய்.

பேஷன் என்று தெரு நம்பியது. நான் நம்பவில்லை. பாகம் பிரித்த பிறகு உன் வாசலுக்கு நீயேதான் கோலம் போட்டாய்; இழைக் கோலம், மார்கழியில் தெருவை அடைக்கும். அதை விட்டு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டுகிறவளா நீ? அதன் பிறகு கவனித்தேன். காலையில் நீ வெளியே வருவதில்லை. வந்தாலும் கைகள் முந்தானைக்குள். பின்பக்கம் சுவர் இடிந்த சந்தின் வழியாக ஒரு விடியலில் பார்த்துவிட்டேன்: வெந்நீர் அண்டாவுக்குள் இரண்டு கையையும் முக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாய். மூடிய கை. என் கை.

எனக்குச் சந்தோஷம் வந்ததா என்று கேட்காதே. வந்தது. நாலு அடி நடப்பதற்குள் போய்விட்டது.

அடுத்த மாதமே நீ திடீரென்று குணமாகிவிட்டாய். முகம் பூரித்தது. தெருவில் எல்லோரும் சதை போட்டுவிட்டாய் என்றார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் வேர்ப்பொடி விற்கிறவன் ஒருவனிடம் காகிதப் பொட்டலம் வாங்குகிறாய் என்று உன் மருமகள் பெருமையாகச் சொன்னாள். "ரெண்டே நாள்ல வலி பறந்துடுச்சாம் சின்னத்தை. நீங்களும் வாங்கிக்கங்களேன்."

செவ்வாய் மாத்திரை எனக்குக் கேட்பதற்கே மாதக்கணக்கு ஆனது. இரண்டே நாளில் எது கேட்கும்? அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. "அந்த மாதிரிப் பொடியில பல பேரு ஸ்டீராய்டு மாத்திரைய அரைச்சுக் கலந்துடறாங்க. அது கெட்ட மருந்து இல்ல, நானே அளவாக் குடுப்பேன். ஆனா அளவு தெரியாம சாப்ட்டா மூஞ்சி உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பஞ்சு மாதிரி ஆயிடும். ஏற்கெனவே நோவு அரிக்குது, இதுவும் சேர்ந்து அரிக்கும். ஒண்ணு, திடீர்னு நிறுத்தவும் கூடாது. அது இன்னும் ஆபத்து. எப்படியாவது கூட்டியாங்க."

வந்தேன். பாகம் பிரித்த பிறகு முதல்முறையாக உன் அடுப்படிக்குள் வந்தேன்.

"அக்கா, ஒனக்கும் அதே நோவு. பொடி வேணாம். ஏங்கூட வா."

"எனக்கின்னா நோவு? ஒனக்கு இருந்தா ஊருக்கே இருக்கணுமா?"

"காட்டு, கைய காட்டு."

"ஏன், நீ டாக்டரா? அஞ்சாவது பெயிலு டாக்டரு."

"எலும்பு கரைஞ்சிடும்க்கா."

"கரைஞ்சா கரையட்டும். ஒன் எலும்பா?"

உன்னோடு போராட எனக்குத் தெம்பு இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரி நாள் வரும்போதும் முந்தின நாள் சுவரோரம் நின்று, "நாளைக்கிப் போறேன்" என்று மட்டும் சொல்லுவேன். பஸ்ஸில் ஏறியதும் பக்கத்துச் சீட்டில் துண்டைப் போட்டு வைப்பேன். யார் கேட்டாலும் ஆள் வருது என்பேன். ஆள் வராது.

ஒரே ஒருநாள் வந்தாய். கையில் மார்க்கெட்டுப் பை, தலையில் எண்ணெய் வைத்து வாரியிருந்தாய். நான் முதலில் ஏறி உட்கார்ந்தேன். உன் ஒரு கை கம்பியைப் பிடித்தது, ஒரு கால் படியில். நான் துண்டை எடுத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தேன். அப்போது கண்டக்டர், "வாங்க வாங்க, ஆஸ்பத்திரி கோஷ்டி இன்னிக்கி ஜோடியா கெளம்பிடுச்சா!" என்றான். பஸ் முழுக்கச் சிரிப்பு. நீ காலைக் கீழே எடுத்தாய்.

"நான் மார்க்கெட்டுக்குப் போறேன்" என்றாய். யாரும் உன்னைக் கேட்கவில்லை.

அந்தக் கண்டக்டர் இப்போது ஓய்வு பெற்றிருப்பான். எங்கே இருந்தாலும் அவன் முட்டி நோகட்டும். நான் மன்னிக்கவில்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். கொல்லையில் மணை போட்டு மீன் கழுவிவிட்டு எழுந்தாய். அவ்வளவுதான். வழுக்கவில்லை, தடுக்கவில்லை. விழுந்ததால் இடுப்பெலும்பு உடைந்ததா, உடைந்ததால் விழுந்தாயா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. உன் அலறல் கேட்டு அந்தச் சந்து வழியாக முதலில் வந்தவள் நான்தான். மீன் தட்டு கவிழ்ந்து, பூனை ஒன்று தூரத்தில் காத்துக்கொண்டு நின்றது. உன் மகன் செல்போனை எடுத்து ஆட்டோவைக் கூப்பிட்டான். அதே கோரிமேடு. நீ வர மாட்டேன் என்ற இடத்துக்கு உன்னைப் படுக்க வைத்துத்தான் கொண்டுபோக முடிந்தது.

வார்டில் எலும்பு டாக்டர்கள் பார்த்த பிறகு அந்த டாக்டரம்மாவும் வந்தார். உன் கையின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். விரல் எலும்பின் ஓரமெல்லாம் கரையான் தின்ற ஜன்னல் சட்டம் மாதிரி இருந்தது. பிறகு உன் பக்கம் குனிந்தார்.

"காலைல எழுந்ததும் கை எப்படிம்மா இருக்கும்?"

நீ என்னைப் பார்த்தாய். நான் தலைமாட்டில் நின்றேன். நீ பொய் சொல்லிவிடுவாய் என்றுதான் நினைத்தேன்.

"மூடிக்கும்" என்றாய். சுவரைப் பார்த்துக்கொண்டு, "மதியம் சரியாயிடும்" என்றாய்.

டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஓரகத்தி இவர்தானா என்று கேட்கிற பார்வை. நான் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. ஜெயிப்பதற்கு நான் எத்தனையோ வருஷம் காத்திருந்த இடம் அது. வந்து சேர்ந்தபோது உட்கார ஒரு ஸ்டூல் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

ஆபரேஷன் செய்தார்கள். எலும்பு மெலிந்து போனதால் பிடிமானம் போதவில்லை என்றார்கள். பொடியை நிறுத்திவிட்டு அளவாக மாத்திரை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். வீட்டுக்கு வந்து நீ படுக்கையில் கிடந்த மாதங்களில் உன் மருமகள் வேலைக்குப் போய்விடுவாள். சுவரை இடிக்க யாருக்கும் தெம்பில்லை. அந்தச் சந்து வழியாகவே நான் வந்து போனேன். காலையில் நாம் இருவருமே உதவாதவர்கள். வெந்நீர் வைத்து, உன் கையும் என் கையும் ஒரே குண்டானில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். உன் விரல் என் விரலில் பட்டால் நீ இழுத்துக்கொள்வாய்.

மன்னிப்பு என்ற வார்த்தை உன் வாயில் வராது என்று எனக்குத் தெரியும். நான் கேட்கவும் இல்லை. ஆனால் எதிர்பார்த்தேன். தினமும் எதிர்பார்த்தேன்.

ஒருநாள் மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, உன் பச்சைச் சேலையைக் கொண்டுவரச் சொன்னாய். கட்டப் போகிறாய் என்று நினைத்தேன். பல்லால் கடித்துக் கரையைக் கிழித்தாய். "ஒன் கரண்டிய எடுத்தா" என்றாய். எடுத்து வந்தேன். படுத்தபடியே, கரண்டியை மார்பில் வைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தாய். பாதியில் நழுவியது. நான் கை நீட்டினேன். "வுடு, நானே" என்றாய். மறுபடி முதலிலிருந்து. வெயில் ஜன்னலிலிருந்து இறங்கிச் சுவர் மூலைக்குப் போகும் வரை சுற்றினாய். கடைசியில் முனையை உள்ளே செருகி, ஊசி நூல் வாங்கி, கோணல் மாணலாக நாலு தையல் போட்டாய். என் கையில் கொடுத்தாய்.

"இந்தா. ஒன் கரண்டிக்குக் கோமணம்."

நான் சிரிக்கவில்லை. நீ சிரித்தாய், இருமல் வந்தது. அந்த இருமல்தான் சளியாகி நெஞ்சில் கட்டி, அடுத்த மழைக்குள் உன்னைக் கொண்டுபோனது.

அக்கா, உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத நான் உட்காரவில்லை. அடுப்பில் எரிந்த அந்த வேட்டித் துணி எரிந்ததுதான். நடிக்கிறாள் என்ற வார்த்தையைக் கேட்டு வளர்ந்த என் மகள் இன்றைக்கும் காய்ச்சல் வந்தால் யாரிடமும் சொல்வதில்லை. அதையும் உன் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். டாக்டரம்மா சொன்ன அந்த அணுக்களுக்கும் மறதி இல்லையாம். ஒருமுறை எதிரி என்று குறித்துவிட்டால் ஆயுசுக்கும் விடாவாம். மருந்து கொடுத்து அடக்கி வைக்கலாம், அவ்வளவுதான். கேட்டபோது, இவை என் உடம்பில் பிறந்தவைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதனால் இப்படியே வைத்துக்கொள்கிறேன். கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், கரண்டி ஒரு பக்கம் இருக்கட்டும்.

ஜன்னல் கம்பியில் துணி காய்ந்துவிட்டது. கரையில் உன் தையல் இரண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரிக்காமல் அப்படியே சுற்றுவேன். பேத்தியை ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். வெயில் சுவர் மூலைக்குப் போவதற்குள் முடிக்க வேண்டும். நாளைக் காலையில் எனக்குப் பிடி வேண்டும்.